முதலில் சர்வர், அப்புறம் செயலி: திருப்பூர் ஜாப் ஒர்க் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்



பவர் டேபிள் வைத்திருக்கும் அண்ணன்களுக்கும், செக்கிங், அயனிங் யூனிட் நடத்தும் அக்காக்களுக்கும், அப்பாவிடமிருந்து பிரிண்டிங் பட்டறையையோ எம்பிராய்டரி மெஷினையோ கையில் எடுத்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்ங்க.

வாட்ஸ்அப் குரூப்புக்கு வெளியே, ட்விட்டர் போலப் பதிவு போடும் மாஸ்டடானில் நமக்கென்று ஓர் இடம் வேண்டும் என்ற பேச்சு கிளம்பியதிலிருந்து எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: “மாஸ்டடானுக்கு எந்த ஆப் போடறதுங்க?” ஆண்ட்ராய்டு போன் என்றால் டஸ்கி, ஐபோன் என்றால் ஐஸ் க்யூப்ஸ். இந்தப் பதில் மட்டும் போதுமென்றால் மடலை இங்கேயே மூடிவிடலாம். ஆனால் செயலியை மாற்றுவது ஐந்து நிமிட வேலை. யாருடைய சர்வரில் கணக்குத் தொடங்குகிறோம் என்பதுதான் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய விஷயம். அதைச் சொல்லாமல் செயலியின் பெயரை மட்டும் சொல்லி அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.

இந்தத் தேவை எங்கிருந்து வந்தது என்பது உங்களுக்கே தெரியும். ராத்திரி ஒன்பதரை மணிக்கு குரூப்பில் ஒரு மெசேஜ் விழுகிறது: “ஓவர்லாக் 6, பேட்லாக் 4, சிங்கர் 2. டெய்லர், கைமடி எல்லாம் ரெடி. கிட்ஸ் ஐட்டம் எடுத்துக்கலாம். அங்கேரிபாளையம்.” அடுத்த அரை மணி நேரத்தில் அதன் மேல் ஒரு பிறந்தநாள் வாழ்த்து, இரண்டு சாமி படம், சைட் விற்பனை விளம்பரம், யாரோ அனுப்பிய அரசியல் வீடியோ. மறுநாள் காலையில் கட்டிங்கை முடித்துவிட்டுத் தைக்க இடம் தேடும் கம்பெனிக்காரர் கண்ணில் அது படுவதே இல்லை. அவர் அந்தக் குரூப்பிலேயே இல்லாமலும் இருக்கலாம். ஒரு குரூப்பில் 1,024 பேர்தான் இருக்க முடியும். நிறைந்ததும் இரண்டாவது குரூப், அதுவும் நிறைந்ததும் மூன்றாவது. பெருமாநல்லூர் ரோட்டில் மெஷின் சும்மா நிற்கிறது, மங்கலம் ரோட்டில் பீஸ் கட்டுக்கட்டாகக் கிடக்கிறது. நடுவில் செய்தி மட்டும் போய்ச் சேர்வதில்லை.

2021 அக்டோபர் 4 இரவை நினைத்துப் பாருங்கள். ஃபேஸ்புக் நிறுவனத்தின் வழக்கமான பராமரிப்பு வேலையின்போது கொடுத்த ஒரு தவறான கட்டளை அந்த நிறுவனத்தின் மொத்த நெட்வொர்க்கையும் இணையத்திலிருந்து துண்டித்துவிட்டது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் இல்லை. நமக்கு இரவு, அமெரிக்க பையருக்கு அது வேலை நேரத்தின் நடுப்பகுதி. மூன்று கடைகளுக்கும் முதலாளி ஒருவர் என்பதால் மூன்றும் ஒன்றாகச் சாத்தின.

நிரந்தரமாகச் சாத்தியவையும் உண்டு. ஆர்குட் 2014 செப்டம்பரில் முடிந்தது. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில். டிக்டாக்கை 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு தடை செய்தபோது, அதில் வீடியோ போட்டு ஆள் சேர்த்தவர்கள் அத்தனை பேரையும் ஒரே இரவில் இழந்தார்கள். இந்தியாவின் சொந்த மாற்று என்று வந்த ‘கூ’ 2024 ஜூலையில் மூடப்பட்டது. எந்த நாட்டுக் கம்பெனி, முதலாளி நல்லவரா என்பதெல்லாம் அடுத்த கேள்வி. எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ் இருக்கும்வரை இந்த ஆபத்து போகாது.

திருப்பூர் அப்படி ஒரே கூரைக்குக் கீழ் வளர்ந்த ஊர் இல்லை. நூல் ஓரிடத்திலிருந்து வருகிறது. நிட்டிங் ஒருவர், சாயம் இன்னொருவர், காம்பாக்டிங் மூன்றாமவர். கட்டிங் கம்பெனியில் நடந்தால் தைப்பது உங்கள் பவர் டேபிளில், பிரிண்ட் வேறொரு தெருவில், செக்கிங்கும் அயனிங்கும் இன்னோர் இடத்தில். யாரும் யாருக்கும் வேலைக்காரர் இல்லை. டயா, ஜிஎஸ்எம், கவுண்ட், ஷேட் என்று எல்லோரும் ஒத்துக்கொண்ட அளவுகளும், துணியோடு கூடவே போகும் டெலிவரி சலானும்தான் இத்தனை பேரையும் ஒரு கம்பெனி போல இயங்க வைக்கின்றன. ஒரு காம்பாக்டிங் யூனிட் பூட்டினால் ரோல் மறுநாள் வேறொன்றுக்குப் போகும், ஊர் நிற்காது. மாஸ்டடான் இருக்கும் வலைப்பின்னலும் இதே ஏற்பாடுதான். ஜெர்மனியில் யூஜென் ரோச்கோ என்பவர் 2016-ல் தொடங்கிய இந்த மென்பொருளை இன்று ஆயிரக்கணக்கான சர்வர்களில் தனித்தனி ஆட்கள் நடத்துகிறார்கள். சர்வர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் விதிமுறைக்கு ஆக்டிவிட்டி பப் என்று பெயர். இணையத் தரங்களை வகுக்கும் வேர்ல்டு வைட் வெப் கன்சார்டியம் 2018 ஜனவரியில் அதை முறைப்படி ஏற்றது. படத்துக்கென்று இருக்கும் பிக்சல்ஃபெட், வீடியோவுக்கென்று இருக்கும் பியர்டியூப் இரண்டும் இதே விதியில் பேசுகின்றன. புளூஸ்கை வேறு விதிமுறையில் ஓடுவது. அதை இந்த மடலில் தொடவில்லை.

இங்கே உங்கள் முகவரிக்கு இரண்டு பகுதி. முதல் பகுதி நீங்கள் வைத்துக்கொள்ளும் பெயர். இரண்டாவது நீங்கள் இருக்கும் சர்வரின் பெயர். நீங்கள் போடும் பதிவு, உங்களைப் பின்தொடர்பவர் பட்டியல், புக்மார்க் எல்லாம் அந்தச் சர்வரில் இருக்கின்றன. போனில் இருக்கும் செயலி அவற்றை எடுத்துக் காட்டும் கண்ணாடி, அவ்வளவே. அதனால்தான் டஸ்கியை அழித்துவிட்டு ஃபெடிலேப் போட்டாலும் ஒரு பதிவும் தொலையாது. போனில் மட்டும் சேமித்த டிராஃப்ட்டுகள் போகும். பாதி எழுதி வைத்த ரேட் பட்டியல் இருந்தால் முதலில் அதைப் பதிவிட்டுவிட்டு அழியுங்கள்.

சர்வர் போனால் கதை வேறு. மாஸ்டடான் டாட் டெக்னாலஜி என்று பல ஆண்டுகள் ஓடிய ஒரு சர்வர் இருந்தது. அதை ஒற்றை ஆளாக நடத்தியவர், வீட்டுச் சூழ்நிலையால் இனி முடியவில்லை என்று 2022 அக்டோபரில் அறிவித்தார். நேர்மையாக முன்கூட்டியே சொன்னதால் அங்கிருந்தவர்களுக்கு இடம் மாற அவகாசம் கிடைத்தது. மாஸ்டடானில் கணக்கை வேறு சர்வருக்கு மாற்ற வசதி உண்டு. பின்தொடர்பவர்கள் கூடவே வந்துவிடுவார்கள், ஆனால் பழைய பதிவுகள் வராது. இன்னொன்று, 2024 பிப்ரவரியில் நடந்தது: ‘குயர் டாட் ஏஎஃப்’ என்ற சர்வரின் பெயர் ஆப்கானிஸ்தானுக்கு உரிய இணைய எழுத்துகளில் முடிந்தது. தாலிபான் நிர்வாகம் அந்தப் பெயரைப் பறித்தது, சர்வரே போயிற்று. முகவரியின் கடைசி இரண்டு எழுத்துக்கு எந்த அரசு சொந்தக்காரர் என்பது வரை பார்க்க வேண்டியிருக்கிறது.

அதனால் சேரும் முன் அந்தச் சர்வரின் ‘அபவுட்’ பக்கத்தைத் திறந்து முழுக்கப் படியுங்கள். நடத்துபவர் யார், ஒருவரா நான்கு பேரா, பணம் எங்கிருந்து வருகிறது, எதை அனுமதிக்க மாட்டார்கள், எந்தெந்த சர்வர்களைத் துண்டித்து வைத்திருக்கிறார்கள் என்றெல்லாம் அங்கே எழுதியிருக்கும். எழுதாத சர்வரில் சேராதீர்கள். மாஸ்டடானின் சொந்தச் செயலியைத் திறந்தால் மாஸ்டடான் டாட் சோஷியல் என்ற பெரிய சர்வரில் சேரும் பொத்தான்தான் முதலில் கண்ணில் படும்; 2023 மே மாதம் கொண்டுவந்த மாற்றம் அது. புதிதாக வருகிறவர்கள் குழம்பித் திரும்பிப் போகாமலிருக்கச் செய்தது, காரணம் எனக்குப் புரிகிறது. ஆனால் எல்லோரும் அந்தப் பொத்தானையே அழுத்தினால் மறுபடியும் ஒரே கூரைக்குள்தான் போய் நிற்போம். அதற்குக் கீழேயே வேறு சர்வரைத் தேர்ந்தெடுக்கும் வழி இருக்கிறது. தேடி அழுத்துங்கள்.

இப்போது செயலிக்கு வருகிறேன்.

நம்மில் பெரும்பாலோரிடம் இருப்பது ஆண்ட்ராய்டு போன், அதுவும் இடம் நிறைந்த போன். டஸ்கி 2017 முதல் தன்னார்வலர்கள் நன்கொடையில் நடத்தும் திறமூலச் செயலி. விளம்பரம் இல்லை. பிளே ஸ்டோரிலும் கிடைக்கும், திறமூலச் செயலிகளை மட்டும் தரும் எஃப்-டிராய்டிலும் கிடைக்கும். மெனுக்களுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு இருக்கிறது. சில இடங்களில் ஆங்கிலம் எட்டிப் பார்த்தால், தெரிந்தவர்கள் வெப்லேட் தளத்தில் போய் அந்த வரிகளைத் தமிழாக்கிக் கொடுக்கலாம். ஒன்றுக்கு மேற்பட்ட கணக்குகளை வைத்துக்கொள்ளலாம், யூனிட்டுக்கு ஒன்று, சொந்தப் பேச்சுக்கு ஒன்று என்று. படங்கள் தானாக இறங்குவதை நிறுத்தி வைத்தால் டேட்டா மிச்சம்.

டஸ்கியில் நீங்கள் கவனிக்க வேண்டியது நோட்டிஃபிகேஷன். கூகுள் வழியாகச் செய்தி தள்ளாமல், யூனிஃபைட்புஷ் என்ற வேறு வழியை அது பயன்படுத்துகிறது. அதற்கான துணைச் செயலி போனில் இல்லையென்றால் கால் மணி நேரத்துக்கு ஒருமுறைதான் சர்வரை எட்டிப் பார்க்கும். சில போன்களில் பேட்டரி சேமிப்பு அந்த வேலையையும் கொன்றுவிடும். செட்டிங்ஸில் டஸ்கிக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள். மெஷின் காலி, ஆள் தேவை என்பது போன்ற அறிவிப்புக்குக் கால் மணி நேரம் ஒரு தாமதமே இல்லை. வண்டி வாசலில் நிற்கிறது என்ற அவசரத்துக்கு போன் போட்டுப் பேசிக்கொள்வோம். உடனடி அறிவிப்பு வேண்டுமே வேண்டும் என்பவர்கள் மாஸ்டடானின் சொந்தச் செயலியைப் போட்டுக்கொள்ளலாம். ஆண்ட்ராய்டுக்கு அது 2022 ஏப்ரலில்தான் வந்தது, முதல்முறை வருகிறவர்களுக்கு அதுவே எளிது.

ஃபெடிலேப்பில் வசதிகள் கூடுதல். மாஸ்டடானோடு பிக்சல்ஃபெட், பியர்டியூப் கணக்குகளையும் அதே இடத்தில் வைக்கலாம். எஃப்-டிராய்டில் இலவசம், பிளே ஸ்டோரில் விலை உண்டு. பட்டன்கள் அதிகமாக இருப்பதால் எல்லோருக்கும் நான் சொல்ல மாட்டேன். பிரிண்ட் டிசைன், எம்பிராய்டரி மாதிரி என்று படத்தை வைத்தே தொழில் செய்பவர்களுக்கு உதவும். ஐபோன்காரர்களுக்கு ஐஸ் க்யூப்ஸ் திறமூலம், இலவசம். ஐவரி அழகாக இருக்கும், ஆண்டுச் சந்தா கேட்கும். போனில் இடமே இல்லை என்பவர்கள் ஒன்றும் நிறுவ வேண்டாம்: குரோமில் ஃபேன்பி தளத்தைத் திறந்து ஹோம் ஸ்கிரீனில் சேர்த்தால் அதுவே செயலி மாதிரி நடக்கும்.

ஐவரியின் பிறப்பைச் சொன்னால் இந்த மாற்றத்தின் அருமை விளங்கும். அதைச் செய்தவர்கள் ட்விட்டருக்காக ட்வீட்பாட் என்ற செயலியைப் பத்து ஆண்டுகளுக்கு மேல் நடத்தி வந்தவர்கள். 2023 ஜனவரியில் ட்விட்டர் வெளியார் செயலிகள் எல்லாவற்றையும் முன்னறிவிப்பின்றித் துண்டித்தது. ஒரே நாளில் தொழில் போனது. அதே மாதம் மாஸ்டடானுக்கான ஐவரியை வெளியிட்டார்கள். பெரிய ஆர்டரை ஒரே பையரிடம் நம்பி உட்கார்ந்து, அவர் கையை விரித்ததும் திகைத்து நின்ற யூனிட்டுகளை நாம் பார்த்திருக்கிறோம். மாஸ்டடானில் எந்தச் சர்வரும் எந்தச் செயலியையும் அப்படி ஒட்டுமொத்தமாக வெளியே தள்ள முடியாது என்று சட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் ஒருவர் தள்ளினால் போக இடம் ஆயிரம் இருக்கிறது.

செயலி செய்கிறவர்களுக்கும் கொள்கை உண்டு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். வெறுப்புப் பேச்சுக்குப் பெயர்போன ‘கேப்’ என்ற அமெரிக்கத் தளம் 2019-ல் மாஸ்டடான் மென்பொருளுக்கு மாறியபோது, அதில் நுழைய முடியாதபடி டஸ்கி தன் கதவை அடைத்தது. 2020 ஆகஸ்டில் ஃபெடிலேப் உள்ளிட்ட சில செயலிகளுக்கு கூகுள் பிளே நோட்டீஸ் அனுப்பியது, ஏதோ சில சர்வர்களில் இருக்கும் வெறுப்புப் பதிவுகளைக் காட்டி. பிளே ஸ்டோரை மட்டும் நம்பாமல் எஃப்-டிராய்டையும் தெரிந்து வைத்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான்.

எந்தச் செயலியானாலும் ஒன்றில் கண்டிப்பாக இருங்கள். நல்ல செயலி முதலில் உங்கள் சர்வரின் பெயரை மட்டும் கேட்கும். பிறகு அந்தச் சர்வரின் சொந்தப் பக்கம் திறக்கும், பாஸ்வேர்டை அங்கேதான் அடிப்பீர்கள். மேலே முகவரியில் உங்கள் சர்வரின் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடியுங்கள். செயலியே தன் திரையில் பாஸ்வேர்டைக் கேட்டால் அழித்துவிடுங்கள். போன் தொலைந்தால் கம்ப்யூட்டரில் உள்ளே போய், அனுமதித்த செயலிகள் பட்டியலிலிருந்து அந்தப் போனின் செயலியை நீக்கிவிடலாம்.

மாஸ்டடானுக்கு இடம் மாறுவது முன்பே நம் நாட்டில் ஒருமுறை நடந்து பார்த்ததுதான். 2019-ல் உச்ச நீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேவின் கணக்கை ட்விட்டர் முடக்கியபோது, அந்த நவம்பரில் இந்தியாவிலிருந்து பெரும் கூட்டம் மாஸ்டடானுக்குப் போனது. பல பேர் சில வாரங்களிலேயே திரும்பிவிட்டார்கள். போனவர்கள் தனித்தனியாகப் போனார்கள். அங்கே தங்களுக்குத் தெரிந்தவர்கள் இல்லை. அறிமுகம் இல்லாத சர்வரில் அறிமுகம் இல்லாத பேச்சு. கோபம் ஆறியதும் திரும்ப வேறு காரணம் வேண்டியதில்லை. நாம் போனால் ஒரு தொழிலாகச் சேர்ந்து போக வேண்டும், ஒரு வேலைக்காகப் போக வேண்டும்.

அந்த வேலை எப்படி நடக்கும்? மாஸ்டடானில் ஹேஷ்டேக்கைத் தமிழிலேயே போடலாம், அந்த ஹேஷ்டேக்கையே பின்தொடரலாம். கட்டிங் முடிந்த கம்பெனிக்காரர் ‘ஓவர்லாக்’, ‘பேட்லாக்’ என்ற இரண்டையும் பின்தொடர்ந்தால் போதும், பிறந்தநாள் வாழ்த்துகளுக்கு நடுவே தேட வேண்டியதில்லை. பதிவுக்கு 500 எழுத்து. மெஷின் எண்ணிக்கை, ஐட்டம், ஏரியா, எந்தத் தேதியிலிருந்து காலி எல்லாம் தாராளமாக அடங்கும். ஒரு சிக்கலும் உண்டு: உங்கள் சர்வருக்கு வந்து சேர்ந்த பதிவுகளில் மட்டுமே ஹேஷ்டேக் தேடும். நாம் ஆளுக்கொரு மூலையில் சிதறி இருந்தால் ஒருவர் அறிவிப்பு இன்னொருவருக்கு எட்டாமல் போகலாம். நமக்கென்று ஒரு சர்வர் வேண்டும் என்று நான் சொல்வதன் முதல் காரணம் இது.

இரண்டாவது காரணம் 2023 மார்ச். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள் என்று, வேறு ஊரில் வேறு காரணத்துக்கு நடந்த சம்பவங்களின் வீடியோக்களை ஒட்டி அனுப்பினார்கள். ஹோலி நேரம். திருப்பூர் ரயில் நிலையத்தில் கூட்டம்; பண்டிகைக்குப் போகிறவர் யார், பயந்து போகிறவர் யார் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. பீகார் அரசு அனுப்பிய அதிகாரிகள் குழு நம் ஊருக்கே வந்து விசாரித்தது. தமிழக காவல்துறை வீடியோக்கள் பொய் என்று அறிவித்து, பரப்பியவர்கள் மேல் வழக்குப் போட்டது. ஆனால் ஹாஸ்டல் அறையில் நடுராத்திரி அந்த வீடியோவைப் பார்த்த பத்தொன்பது வயதுப் பையனுக்கு இதெல்லாம் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆயிற்று? ஊரிலிருந்து அவனுடைய அம்மா போன் போட்டு அழுதபோது பக்கத்தில் இருந்து ஹிந்தியில் சொல்ல நம்மில் எத்தனை பேர் இருந்தோம்?

நம் ஊர்ச் சர்வர் ஒன்று அன்று இருந்திருந்தால் வதந்தியே வந்திருக்காது என்று நான் சொல்லவில்லை. வாட்ஸ்அப்பில் வந்தது வாட்ஸ்அப்பில் வந்தேதான் இருக்கும். ஆனால் நம் சர்வரில் அந்த வீடியோ விழுந்த உடனே, அது திருப்பூர் இல்லை என்று பார்த்ததும் சொல்லக்கூடிய ஆள் அதை எடுத்திருக்க முடியும். அதைக் கொட்டிக்கொண்டே இருக்கும் சர்வரை ஒரு கிளிக்கில் துண்டித்திருக்க முடியும். வேலம்பாளையம் எது, வீரபாண்டி எது என்று அறிந்தவர் கையில் அந்த அதிகாரம் இருப்பதற்கும், கண்காணாத அலுவலகத்தில் தமிழும் தெரியாமல் ஒடியாவும் தெரியாமல் ஒருவர் கையில் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் பெரிது. மாஸ்டடானில் ஒவ்வொரு பதிவுக்கும் எந்த மொழி என்று குறிக்கலாம். தமிழ், ஹிந்தி, ஒடியா, வங்காளி என்று அறிவிப்புகளைத் தனித்தனியே போட்டால் அவரவர் தங்கள் மொழியை மட்டும் வடிகட்டிப் படிக்கலாம். டஸ்கியிலும் பதிவு எழுதும்போதே மொழியைத் தேர்ந்தெடுக்கலாம். அந்தச் சின்னப் பொத்தானை மறக்காமல் அழுத்துங்கள்.

சில எச்சரிக்கைகள், கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். மாஸ்டடானில் ஒருவருக்கு மட்டும் அனுப்பும் தனிச் செய்தி பூட்டிய செய்தி இல்லை. இரண்டு பக்கத்துச் சர்வர் நிர்வாகிகளும் நினைத்தால் படிக்க முடியும். பையரின் டெக் பேக், ஆர்ட் ஒர்க், பீஸ் ரேட், லேபிள் படம் எதுவும் அதில் போகக்கூடாது. டேபிளில் எடுத்த போட்டோவில் பின்னால் பிராண்டு பெயர் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். போட்ட பதிவை அழித்தாலும் மற்ற சர்வர்களுக்கு அழிக்கச் சொல்லிக் கோரிக்கைதான் போகும். கேட்காத சர்வரில் அது அப்படியே கிடக்கும். பில் பணம் வராத ஆத்திரத்தில் கம்பெனி பெயரைப் போட்டு எழுதத் தோன்றும்போது இதை நினைவில் வையுங்கள். அதற்குச் சட்டம் இருக்கிறது. உத்யம் பதிவு இருந்தால், 45 நாளுக்கு மேல் நிற்கும் பாக்கிக்கு 2006-ம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டத்தின்படி அரசின் இணையதளத்தில் புகார் கொடுக்கலாம், வட்டியும் கேட்கலாம். உழைத்த கூலியை வாங்க அந்த வழியில் போங்கள்.

ரகசியப் பேச்சுக்கும் பரவலாக்கிய வலைகள் உண்டு. மேட்ரிக்ஸ் என்பது ஒன்று. அதன் பிரபலமான எலிமென்ட் செயலி, 2023 மே மாதம் மத்திய அரசு முடக்கியதாகச் செய்தி வந்த 14 செயலிகளில் இருந்தது. திறமூல மென்பொருள் ஆர்வலர்கள் அதை எதிர்த்துக் கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். எலிமென்ட் முடங்கினாலும் மேட்ரிக்ஸ் வலை முடங்கவில்லை. ஃப்ளஃபிசாட் போன்ற வேறு செயலிகள் அதே கணக்கைத் திறக்கின்றன. நம் நாட்டிலேயே ‘ப்ராவ்’ என்று ஒன்றை உருவாக்கி வருகிறார்கள். போன் நம்பரிலேயே சேரலாம். எக்ஸ்எம்பிபி என்ற பழைய, திறந்த விதிமுறையில் ஓடுகிறது. பயன்படுத்துபவர்களே பங்குதாரர்களாக இருக்கும் கூட்டுறவுச் சங்கமாக நடத்த வேண்டும் என்பது அவர்கள் திட்டம். எனக்கு மிகவும் பிடித்த திட்டம் அது. தமிழ்நாட்டில் வேரூன்றிய சோஹோவின் ‘அரட்டை’ பற்றியும் கேட்கிறீர்கள். 2025 செப்டம்பரில் அது திடீரென்று எல்லோர் போனிலும் ஏறியபோது, யுபிஐ போலவும் இமெயில் போலவும் எல்லாச் செயலிகளும் ஒன்றோடொன்று பேசும்படி விதிமுறையைப் பொதுவாக்க வேண்டும் என்று சோஹோ நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு சொன்னார். அது நடந்தால் நான் கைதட்டி வரவேற்பேன். அதுவரை அரட்டையும் ஒரே கம்பெனியின் கூரைதான். நம் மண்ணின் கம்பெனி என்ற பெருமையோடு அதையும் சேர்த்தே பாருங்கள்.

சர்வரை யார் நடத்துவது? செலவு ஒரு தடையே இல்லை. சில நூறு பேருக்கான மாஸ்டடான் சர்வரை மாதம் சில ஆயிரம் ரூபாயில் நடத்தலாம். மாதக் கட்டணத்துக்கு நிறுவிப் பராமரித்துத் தருபவர்களும் இருக்கிறார்கள். கஷ்டம் ஆள் விஷயத்தில். சேருபவரைச் சரிபார்க்க வேண்டும், புகாரைப் படிக்க வேண்டும், சண்டையை ஆற்ற வேண்டும், இடத்தை நிரப்பும் பழைய படங்களை அவ்வப்போது கழிக்க வேண்டும். 2021-ம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி புகார் அலுவலரின் பெயரையும் தொடர்பையும் வெளியிட வேண்டும், புகார் வந்தால் 24 மணி நேரத்துக்குள் ஒப்புகை தர வேண்டும். ஒரு தனி ஆள் தலையில் இதைக் கட்டினால் மாஸ்டடான் டாட் டெக்னாலஜியின் கதி நமக்கும் வரும்.

இந்த மாதிரிப் பொறுப்பைப் பங்கு போட்டுச் சுமந்த அனுபவம் ஊருக்கு இருக்கிறது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் பூட்டப்பட்டன. நொய்யலுக்கு ஒரு சொட்டுக் கழிவும் போகக்கூடாது என்ற நிபந்தனையைத் தனியாக நிறைவேற்ற வசதியில்லாத பட்டறைகள், 18 பொது சுத்திகரிப்பு நிலையங்களில் பங்குதாரர்களாக இருந்துதான் மறுபடி தொழிலைத் தூக்கி நிறுத்தின. அந்தச் செலவோடு ஒப்பிட்டால் நாம் கேட்பது ஒன்றுமே இல்லை. கூலி உயர்வுக்காக பனியன் உற்பத்தியாளர் சங்கமான சைமாவோடு உட்கார்ந்து பேசத் தெரிந்த பவர் டேபிள் சங்கம் இருக்கிறது. தொழிற்சங்கங்கள் இருக்கின்றன. முதலாளிகள் சங்கம் மட்டும் நடத்தினால் டெய்லர்கள் வர மாட்டார்கள், தொழிற்சங்கம் மட்டும் நடத்தினால் கம்பெனிக்காரர்கள் வர மாட்டார்கள்; இரண்டு பக்கமும் சேர்ந்த குழுவாக இருக்க வேண்டும், ஹிந்தியும் ஒடியாவும் தாய்மொழியாகப் பேசுகிற இருவராவது அதில் இருக்க வேண்டும். அவர்கள் மொழிபெயர்ப்பாளர்களாக இல்லாமல் முழு அதிகாரம் உள்ள நிர்வாகிகளாக இருக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. நன்றாக நடக்கும் ஏதாவது ஒரு சர்வரில் இப்போதே கணக்குத் தொடங்குங்கள், நம் சர்வர் வந்ததும் இடம் மாற்றிக்கொள்ளலாம். மாதத்துக்கு ஒருமுறை உங்கள் சர்வரின் தளத்தில் செட்டிங்ஸுக்குப் போய், நீங்கள் பின்தொடர்பவர்களின் பட்டியலை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பை அழிக்காதீர்கள், பையர், பேங்க், பள்ளிக்கூடம் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. காலி மெஷின் அறிவிப்பு, ஆள் தேவை, ஊர்ச் செய்தி இந்த மூன்றை மட்டும் முதலில் இங்கே கொண்டுவருவோம்.

அடுத்த முறை கூடும்போது ஹேஷ்டேக்குகளை முடிவு செய்துவிட வேண்டும். நடுவில் இடைவெளி விட்டால் ஹேஷ்டேக் உடைந்துவிடும், அதனால் ‘பவர்டேபிள்’ என்று சேர்த்தே எழுத வேண்டும். பேட்லாக்கா பிளாட்லாக்கா, அயனிங்கா ஐயர்னிங்கா என்று எழுத்துக்கூட்டலில் ஆளுக்கொரு வழக்கம் இருக்கிறது. ஒன்றை எடுத்து எல்லோரும் அதையே எழுத வேண்டும். வரும்போது உங்கள் யூனிட்டில் நீங்கள் எப்படி எழுதுகிறீர்கள் என்று ஒரு பில் புத்தகத்தை எடுத்து வாருங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவராக அங்கேரிபாளையத்தில் வேலை பார்க்கும் ஒரு மெர்ச்சன்டைசர்